தலைமயிருக்குக் குளிசை

எங்கள் வயதில் தலைமயிர் கொட்டுகிறதென்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேத்திக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடும் கிழவிக்குத் தன் தலையைப் பற்றி என்ன கவலை என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும். ஆனாலும் மாதக் கிளினிக்கில் அந்த நீள வாங்கிலில் நெருக்கியடித்து இருந்துகொண்டு நாங்கள் கடைசியில் கதைப்பது அதைத்தான். பிரஷர், சலரோகம், முழங்கால் எல்லாம் அலுத்தபின் ஒருத்தி தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளை மயிரைவிட ஊசிதான் கூட" என்பாள். உடனே போத்தல்களின் கதை தொடங்கிவிடும்.

உங்களுக்கும் வந்திருக்கும். லண்டனிலோ கனடாவிலோ இருக்கிற மகள், மருமகள், யாராவது ஒருத்தி அனுப்பியிருப்பாள். எனக்கு வந்தது கரடிக்குட்டி வடிவில் செய்த இனிப்பு. ஊதா நிறம். காலையில் மென்று தின்றால் மயிர் அடர்த்தியாகுமாம், நகம் பிளக்காதாம், நாள் முழுக்கச் சோர்வு வராதாம். கிளிநொச்சிக் கடைகளிலும் இப்போது கண்ணாடி அலுமாரி நிறைய இதே சாமான்தான். இரும்பு, துத்தநாகம், மீனெண்ணெய், இருக்கிற விற்றமின் எல்லாம். நான் குறை சொல்லவில்லை. களைத்துப்போன உடம்பு எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் பார்க்கும்.

ஆனால் அந்த மூடியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாரியும் அதற்குப் பிந்திய வெயில்காலமும் ஞாபகத்துக்கு வருகின்றன. அதில் கூந்தல் சின்னம்மாவுடையது. குளிசை அம்மாவுடையது.

நாங்கள் உருத்திரபுரத்தில் இருந்தோம். குடியேற்றத் திட்டத்தில் ஐயாவுக்கு வயற்காணி கிடைத்து, அம்மாவும் அவரும் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து நிலைத்தவர்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எனக்குக் கீழே ஒரு தம்பி. அம்மா மூன்றாவது பிள்ளையைச் சுமக்கத் தொடங்கியிருந்தபடியால், கைக்கு உதவியாக அவருடைய தங்கை வந்து எங்களோடு நின்றார். அவர்தான் சின்னம்மா. தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட்டதால் சின்னம்மாவுக்கு எல்லாமே அம்மாதான்.

சின்னம்மாவின் தலைமயிர் தொடைவரை இருந்தது. அது ஒரு ஆளுக்குரியதாக இல்லாமல் வீட்டுக்கே பொதுவான சொத்துப் போல இருந்தது. அவர் முழுகுகிற நாளில் எங்கள் எல்லோருக்கும் வேலை. அம்மா வெந்தயம் அரைப்பார். நான் செவ்வரத்தம் இலை பறித்துக் கசக்கி நுரையெடுப்பேன். ஐயாகூடக் கிணற்றில் கூடுதலாக இரண்டு வாளி அள்ளி வைத்துவிட்டுத்தான் வயலுக்குப் போவார். பிறகு சின்னம்மா முற்றத்தில் கதிரையில் இருக்க, கதிரையின் முதுகுக்குப் பின்னால் மயிரை விரித்துவிடுவோம். நுனி மண்ணில் படாமல் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. தம்பி அதற்குள் புகுந்து ஒளித்துக்கொள்வான். வெந்தயமும் ஈரமும் வெயிலும் சேர்ந்த அந்த மணம் பிறகு எந்த ஷாம்பூவிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கூந்தலால்தான் சம்பந்தமும் வந்தது. சிவன் கோயிலில் நேர்த்திப் பொங்கல் பானைக்கு முன்னால் சின்னம்மா குனிந்துகொண்டிருந்ததை ஒரு பெரிய மனுசி பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். உடையார்கட்டிலிருந்து வந்தவர். மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவர். "அந்தத் தலைமயிர்க்காரப் பெட்டை ஆரின்ர பிள்ளை?" என்று அங்கேயே விசாரித்து, பிறகு ஆள் மூலம் சொல்லியனுப்பினார். மகன் சொந்தமாகக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார், மாரி முடிய நேரில் வந்து பார்க்கிறோம் என்று தகவல் வந்தது.

"முகத்தை அவா இன்னும் பாக்கேல்லை" என்று ஐயா பகிடி விடுவார். அம்மா சிரிக்கமாட்டார். பெற்றவர்கள் இல்லாத தங்கைக்கு ஒரு நல்ல இடம் தானாக நடந்து வருவது அவருக்குப் பகிடியாகத் தெரியவில்லை.

மாரி நடுவில் சின்னம்மாவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. வாய்க்கால் மேவி வெள்ளம் படலைவரை வந்து நின்ற நாட்கள். சின்னம்மா பாயோடு பாயாகக் கிடந்தார். அம்மா கஞ்சி வடித்துப் பருக்கினார், நெற்றிக்கு ஈரத்துணி மாற்றினார், தன் மசக்கையையும் பாராமல் டொக்டரிடம் நடந்தார். காய்ச்சல் விட்டபோது சின்னம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினி வாசல்வரை வந்தார். எலும்பும் தோலும்தான் மிச்சம். ஆனால் பின்னல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெருமூச்சு விட்டார்.

நெல் வெட்டிச் சூடு மிதித்து முடிந்த பிறகுதான் கொட்டத் தொடங்கியது.

ஒரு காலையில் அம்மா கொம்புச் சீப்பால் வாரிவிட்டுக்கொண்டிருந்தார். சீப்பைக் கீழே இழுத்தவர் அப்படியே நின்றார். சீப்போடு கைகொள்ளாமல் மயிர் வந்திருந்தது. சின்னம்மா திரும்பிப் பார்க்கப் போனபோது, "ஆடாமல் இரு" என்று சொல்லிவிட்டு அதை முந்தானைக்குள் மறைத்தார். ஆனால் எவ்வளவை மறைப்பது? தலையணையில் கிடந்தது. கிணற்றடி வாய்க்காலை அடைத்தது. சோற்றில் வந்தது. ஐயா பேசாமல் அதை எடுத்துக் சோற்றுக் கோப்பையின் விளிம்பில் வைத்துவிட்டுச் சாப்பிடுவார், அதைக் காணாததுபோல நாங்கள் இருப்போம். விழுந்த மயிரையெல்லாம் அம்மா பொறுக்கிச் சுருட்டி ஒரு துணிப்பையில் போட்டு கூரை வளையில் செருகி வைத்தார். சவுரி கட்டலாம் என்று.

சின்னம்மா அழவில்லை. தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். கிணற்றடியில் மற்றப் பெண்கள் நிற்கிற நேரத்தில் போவதை மட்டும் விட்டுவிட்டார்.

அதன்பிறகு எங்கள் வீடு முழுக்க வைத்தியம்தான். சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெய், இன்னும் யார் யாரோ சொன்ன இலைகள். வெங்காய நாற்றம் என் பள்ளிக்கூடச் சட்டையில்கூட ஒட்டியது. ஒன்றுக்கும் நிற்கவில்லை. கடைசியில் ஐயா கிளிநொச்சி டவுனுக்குச் சைக்கிளில் போய் ஒரு சத்துமருந்து வாங்கி வந்தார். கடும் மண்ணிறப் போத்தல். உள்ளே சிவப்புத் தண்ணி. தோடம்பழத் தோலையும் துருப்பிடித்த ஆணியையும் சேர்த்து முகர்ந்தமாதிரி இருக்கும். இரத்தம் ஊறும், மயிர் ஊறும், உடம்பு தேறும் என்று கடைக்காரர் சொன்னாராம். இன்றைக்கு ஊதாக் கரடிக்குட்டி சொல்வதும் ஏறத்தாழ அதேதான்.

சாமான் தட்டுப்பாடான காலம் அது. அந்தப் போத்தல் முடிந்ததும் ஐயா திரும்பப் போனார். இல்லை என்றார்கள். அடுத்த முறையும் இல்லை. அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. உடையார்கட்டிலிருந்து சித்திரை கழிய வருகிறோம் என்று அதற்குள் தகவலும் வந்துவிட்டது.

பிறகு ஒருநாள் அம்மா அதே மண்ணிறப் போத்தலைச் சின்னம்மாவிடம் கொடுத்தார். உள்ளே இப்போது தண்ணியில்லை, சின்னச் சின்னச் சிவப்புக் குளிசைகள்.

"இப்ப தண்ணி மருந்து வாறேல்லையாம். குளிசையாத்தான் வருதாம். தலைமயிருக்கு இதுதான் இன்னும் திறமாம்" என்றார் அம்மா.

"அத்தான் திரும்ப டவுனுக்குப் போனவரோ?"

"ஓம், போனவர். நீ குடி."

அம்மா கிளினிக்கிலிருந்து வந்து, காகிதப் பொட்டலத்தைப் பிரித்து அந்தப் போத்தலுக்குள் கொட்டியதை நான் குசினியில் கண்டிருந்தேன். அதில் வியக்க எனக்கு ஒன்றுமில்லை. குசினியில் நாள் முழுக்க எதையாவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொட்டிக்கொண்டுதானே இருப்பார்கள்.

கிளினிக்குக்கு அம்மாவோடு துணைக்குப் போவது நான்தான். மருத்துவமாதுவை நாங்கள் மிசி என்றுதான் கூப்பிடுவோம். மிசி அம்மாவை நிறுத்துப் பார்ப்பார், வயிற்றைத் தடவிப் பார்ப்பார், கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பார்.

"குளிசை ஒழுங்காக் குடிக்கிறனீங்களோ?"

"ஓம் மிசி."

"பிறகேன் கண் இப்பிடி வெளிறிக் கிடக்கு?"

"சாப்பாடு செல்லுதில்லை மிசி. அதாலை இருக்கும்."

மிசி தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சக் குளிசை தருவார். முருங்கையிலை சாப்பிடச் சொல்வார். வயிற்றுப்பிள்ளைக்காரருக்கு என்று சத்துமாப் பையும் கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த மாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுக் குழைத்து உருண்டை பிடிப்பார். எனக்கொன்று, தம்பிக்கொன்று, சின்னம்மாவுக்குப் பெரிதாக ஒன்று. அம்மா தன் விரல்களை வழித்து நக்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அந்த உருண்டையின் ருசி எங்களில் அநேகம் பேருக்கு நினைவிருக்கும். யாருக்காக வந்ததை யார் தின்றோம் என்று அப்போது யார் யோசித்தது?

அம்மா அந்த நாட்களில் அடிக்கடி அப்படியே குந்தி இருந்துவிடுவார். கிணற்றிலிருந்து வாளியோடு வரும்போது நடுவழியில் வைத்துவிட்டு வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மிளகாய் இடிக்கும்போது உலக்கையைச் சாத்திவிட்டு நிலத்தில் குந்திவிடுவார். பச்சை அரிசி தின்னும் பழக்கம் வேறு வந்திருந்தது. சாக்குக்குள் கையை விட்டு அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அது நறுக் நறுக்கென்று நெரிபடுகிற சத்தத்தோடு வேலை செய்வார்.

"இந்த முறை உனக்குச் சோம்பல் கூடிப்போச்சு" என்பார் ஐயா. கோபமில்லை, சும்மா சொல்வதுதான். "பச்சை அரிசி தின்னாதையப்பா. கலியாணத்திலை மழை பெய்யும்."

"என்ர கலியாணம் எப்பவோ முடிஞ்சுது. தங்கச்சியின்ர கலியாணத்திலை பெய்யட்டும். வயலும் காய்ஞ்சுதான் கிடக்கு."

எல்லோரும் சிரித்தோம். வெளிறிய உதடும் பச்சை அரிசியும் எதைச் சொல்கின்றன என்று இன்றைக்கு என் பேத்திக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோருடைய கண்ணும் ஒரேயொரு தலைமேல்தான் இருந்தது.

அந்தத் தலையிலும் முளைக்கத் தொடங்கியது. சித்திரை வெயிலில் ஒருநாள் அம்மா சின்னம்மாவின் துவாயை அவிழ்த்து, நெற்றியோரத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். குட்டைக் குட்டையாக, விறைப்பாக, விதைத்த வயலில் முளை தெரிகிறமாதிரி.

"வந்திட்டுது" என்றார் அம்மா. பிறகு ஐயாவைக் கூப்பிட்டார், என்னைக் கூப்பிட்டார், தம்பியைத் தூக்கிக் காட்டினார். "தொட்டுப் பார். குத்துதோ? மருந்து வேலை செய்யுது." அம்மா அந்த வருசம் மனம்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அவர்கள் வைகாசியில் வந்தார்கள். மாப்பிள்ளையே தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் தாய். பெரிய உடம்பு, தடித்த குரல், எதையும் சுற்றிவளைத்துக் கேட்காத மனுசி. விறாந்தையில் ஐயா கதிரைகளைப் போட்டிருந்தார். சின்னம்மாவுக்கு அம்மா விடிய எழும்பித் தலை பின்னியிருந்தார். வளையிலிருந்த பையைத் திறந்து, விழுந்த மயிராலேயே கட்டிய சவுரியை உள்ளே வைத்துப் பின்னி, மேலே பூவும் சுற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. முன்பிருந்த நீளத்துக்கே பின்னல் வந்துவிட்டது.

"பிள்ளை, எழும்பித் திரும்பு பாப்பம்" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

சின்னம்மா எழும்பித் திரும்பினார். அந்த நேரத்தில்தான் நான் பலகாரத் தட்டை எடுக்கக் குசினிக்குள் போனேன்.

அம்மா அடுப்புக்கும் தண்ணிக்குடத்துக்கும் நடுவில் நிலத்தில் இருந்தார். முதுகு சுவரில் சாய்ந்திருந்தது. சேலை நனைந்திருந்தது. அது தண்ணி என்றுதான் முதலில் நினைத்தேன். கோப்பி கொதித்துப் பொங்கி அடுப்பில் சீறிக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாதை குஞ்சு" என்றார் அம்மா. உதடு அசைந்ததே தவிரக் குரல் வரவில்லை. "எனக்கொண்டுமில்லை. அவையள் போகட்டும். பிறகு ஐயாவுக்குச் சொல்லுவம். நீ தட்டைக் கொண்டுபோய்க் குடு."

நான் தட்டைத் தூக்கவில்லை. விறாந்தைக்கு ஓடிப்போய்ச் சின்னம்மாவின் காதில், "அம்மாவுக்கு ரத்தம்" என்றேன்.

சின்னம்மா சபையைப் பார்க்கவில்லை. அப்படியே உள்ளே ஓடினார். பின்னால் ஐயா, பின்னால் மாப்பிள்ளை, கடைசியில் தாய். சின்னம்மா குனிந்து அம்மாவைத் தூக்கப் பார்த்தார். அம்மா எதையாவது பிடிக்கவேண்டுமென்று கையை நீட்டியபோது அகப்பட்டது பின்னல். சவுரி கழன்று, பூவும் தானுமாகக் குசினி நிலத்தில் விழுந்தது. சின்னம்மாவின் தோளில் எலிவால் அளவுக்கு மயிர் மிஞ்சி நின்றது. அதை எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் அதைப் பற்றி நினைக்க நேரம் இருக்கவில்லை.

"கதிரையைக் கொண்டு வாங்கோ. கதிரையிலை வைச்சுத் தூக்குவம்" என்றார் மாப்பிள்ளை. அவர் எங்கள் வீட்டில் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஐயாவும் அவரும் அம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வாய்க்கால் வரம்பில் நடந்து காருக்குப் போனார்கள். சின்னம்மா வெறுங்காலோடு கூடவே ஓடினார். கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய் மறைந்தபிறகு பார்த்தால், வீட்டில் நானும் தம்பியும் மாப்பிள்ளையின் தாயும்.

அந்த மனுசிக்கு நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாம்பலைத் தூவிக் குசினி நிலத்தைக் கழுவினார். பொங்கிய கோப்பியை இறக்கி வைத்தார். தனக்காகச் சுட்ட பலகாரத்தை எங்களுக்குத் தந்து தின்னச் சொன்னார். தம்பி அழ, மடியில் போட்டுக்கொண்டார். எல்லாம் ஆனபிறகு நிலத்தில் கிடந்த சவுரியைத் தூக்கி, பூவை உருவி எறிந்துவிட்டு, தூசி தட்டிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"இதுக்கோ இவ்வளவு பயந்தனீங்கள்?" என்றார் கடைசியில். என்னிடம் கேட்டதுபோலவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததை ஐயா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவின் உடம்பில் இரத்தமே இல்லை என்று டொக்டர் சொன்னாராம். கிளினிக்கில் தந்த குளிசை குடிக்கவில்லையா என்று கேட்டாராம். "ஒழுங்காக் குடிச்சவா டொக்டர், போத்தலோடை வீட்டிலை கிடக்கு" என்று ஐயா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாராம். டொக்டர் மேசையிலிருந்து ஒரு சிவப்புக் குளிசையை எடுத்து, இதுவா என்று காட்டியிருக்கிறார். பின்னால் நின்ற சின்னம்மா கிட்ட வந்து அதை உற்றுப் பார்த்தாராம்.

"அதை நான்தான் குடிச்சனான் டொக்டர். என்ர தலைமயிருக்கு" என்றாராம்.

மாப்பிள்ளையும் அங்கேதான் நின்றார். சின்னம்மா கையை நீட்டிக்கொண்டு, என்னில் இரத்தம் எடுங்கோ என்றிருக்கிறார். பார்த்தார்கள், பொருந்தியது. நல்ல இரத்தம் என்று டொக்டர் சொன்னாராம். அம்மாவின் குளிசையெல்லாம் அப்படித்தான் அம்மாவுக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தது, ஆனால் பிந்திப்போய்.

பிள்ளை ஆண்பிள்ளை. கையளவுதான் இருந்ததாம். சில நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. நான் பார்க்கவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்தபோது முற்றத்து மல்லிகை பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பால் வற்றுவதற்காகப் பின்னேரத்தில் சின்னம்மா அந்தப் பூவைப் பறித்துத் துணியில் பரப்பி அம்மாவின் நெஞ்சில் வைத்துக் கட்டுவார். அறை முழுக்க மல்லிகையும் புளித்த பாலும் மணக்கும். இன்றைக்கும் கலியாண வீட்டில் மல்லிகைச் சரம் நீட்டினால் நான் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வதோடு சரி.

சிவப்புக் குளிசையை இப்போது சின்னம்மா அம்மாவுக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகமாட்டார். தண்ணிச் செம்போடு முன்னால் நிற்பார்.

"விழுங்கிட்டன்."

"வாயைத் திற அக்கா."

அம்மா சின்னப்பிள்ளைபோல வாயைத் திறந்து காட்டுவார். ஒருநாள் அப்படித் திறந்து காட்டி மூடியபிறகு சின்னம்மா கேட்டார்: "ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ குடிச்சிருப்பியோ?"

சின்னம்மா செம்பை நிலத்தில் வைத்தார். அம்மா கையை நீட்டி, அவருடைய நெற்றியோரத்தில் இப்போது விரல்நீளம் வளர்ந்துவிட்ட மயிரைத் தடவினார். "போகட்டும். நடந்தது நடந்து போச்சு. உன்ர தலைமயிராவது வந்துதே. அது வீணாப் போகேல்லை" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆவணியில் அதே கார் திரும்ப வந்தது. மாப்பிள்ளையின் தாய் படலைக்குள் நின்றுகொண்டே, "நாள் பாப்பம்" என்று சொல்லிவிட்டார். பெண்ணைத் திரும்பி நிற்கச் சொல்லவில்லை. சின்னம்மா முதலில் மாட்டேன் என்றுதான் நின்றார். அம்மாதான் சம்மதிக்க வைத்தார். கலியாணத்தில் மழை பெய்யவில்லை.

சின்னம்மா உடையார்கட்டுக்குப் போய்விட்டார். கார்க்காரர் எங்களுக்குச் சித்தப்பாவானார், நல்ல மனிசன். கூந்தல் பழையபடி தொடைவரை வந்தது. சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வருகிற போதெல்லாம் அம்மா அவரை முற்றத்தில் இருத்தி, பின்னலை அவிழ்த்து, வேறு எதையும் கேட்பதற்கு முன் அதை ஒரு முறை வாரிவிடுவார். வருகிற போகிற ஆட்களிடமும் சொல்வார்: "அந்தக் குளிசை குடிச்சு வந்த மயிர்." அம்மா பிறகு பழைய அம்மாவாக ஆகவேயில்லை. வேலை செய்வார், நடப்பார், ஆனால் எந்த நேரமும் எங்கேயாவது குந்தி இருக்க இடம் தேடுகிற ஆளாகவே கடைசிவரை இருந்தார். இடம்பெயர்ந்த காலத்தில் கொம்புச் சீப்பும் போத்தலும் வீடும் எல்லாம் போயின. தறப்பாள் கொட்டிலுக்குள்ளும் அம்மா தன் தங்கையின் தலையை வாரிக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். பின்னாளில் கண் தெரியாமல் போனபோது விரலால் தடவிப் பார்ப்பார். நரைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

அம்மா போய்ச் சில வருசமாகிறது.

போன மாரியில் எனக்கு டெங்கு வந்தது. தப்பி எழும்பி இரண்டு மூன்று மாதம் போகத் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கழன்றது. மகள் அனுப்பிய ஊதாக் கரடிக்குட்டியைத் தின்றுகொண்டே கிளினிக்கில் போய்ச் சொன்னேன். என் மகளைவிட இளைய டொக்டர் பெண். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரத்தம் நல்லா இருக்கு அம்மா. பெரிய காய்ச்சல் வந்தால் ரெண்டு மூண்டு மாசம் கழிச்சு இப்பிடிக் கொட்டும். பிறகு தானாவே வரும். இதுக்கெண்டு ஒண்டும் குடிக்கத் தேவையில்லை."

"நெருப்புக்காய்ச்சலுக்கும் அப்பிடியோ?"

"எந்தக் காய்ச்சலுக்கும்தான்."

நான் வெளியே வந்து வாங்கிலில் இருந்தேன். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள், அதற்கடுத்ததைக் கூப்பிட்டார்கள். உங்களில் ஒருத்தி என்னைத் தட்டி, "என்னடி, டொக்டர் என்ன சொன்னவா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றும் தேவையிருக்கவில்லை. போத்தலும் வேண்டாம், குளிசையும் வேண்டாம். சும்மா இருந்திருந்தாலே அந்த மயிர் வந்திருக்கும். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அடுத்த வாரம் உடையார்கட்டுக்குப் பஸ் ஏறினேன். சின்னம்மாவுக்கு இதைச் சொல்வதில்லை என்று வழிநெடுகத் தீர்மானித்துக்கொண்டே போனேன். அவர் வாசற்படியில் சுளகை மடியில் வைத்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். அம்மா போய் எட்டுச் செலவு முடிந்த கையோடு அவர் தலைமயிரைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டார். வயது போனால் ஈரம் காயாது, தடிமன் பிடிக்கும், அதனால் வெட்டினார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்ர தலைக்கென்ன பிள்ளை?"

"டெங்கு வந்ததெல்லே. அதுக்குப் பிறகு கொட்டுது."

"டொக்டரிட்டைக் காட்டினனியே?"

"காட்டினனான்."

"என்ன சொன்னவர்?"

"தானா வருமாம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சின்னம்மா ஒரு முருங்கை நெட்டை உருவி முடித்தார். காம்பை எறிந்தார். "ஓம். எனக்கும் அப்பிடித்தான் சொன்னவர்."

"ஆர்?"

"அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை. ரத்தம் எடுத்த டொக்டர். என்ர மயிராலைதானே இவ்வளவும் எண்டு நான் கட்டிலிலை கிடந்து அழுதனான். அந்த மனிசன் தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னார், நெருப்புக்காய்ச்சல் எண்டால் கொட்டும் பிள்ளை, ஒண்டும் குடியாட்டிலும் வந்திருக்கும் எண்டு."

முற்றத்தில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்கு நீங்கள் சொல்லவேயில்லையோ?"

"என்னெண்டு சொல்லுறது?" என்றார் சின்னம்மா. "பிள்ளையையும் குடுத்து, தன்ர உடம்பையும் குடுத்து, அதுக்கு அவாவின்ர கையிலை மிஞ்சினது இந்த மயிர் ஒண்டுதான். அதையும் பறிக்கச் சொல்லுறியோ?"

நான் சுளகில் கிடந்த ஒரு காம்பைப் பொறுக்கி எறிந்தேன்.

"ஒவ்வொரு முறையும் அவிழ்த்துப்போட்டு வாருவா. நல்லா வந்திருக்கு எண்டுவா. நான் ஓமக்கா, ஓமக்கா எண்டு இருப்பன்." சின்னம்மா சுளகைத் தட்டி இலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு இரண்டு கையாலும் பிடரியைத் தடவிக்கொண்டார். "அவா கண்ணை மூடின பிறகுதான் வெட்டினனான். உனக்குத் தெரியாது பிள்ளை, அது சரியான பாரம்."